முதலில் வந்து இரண்டாம் இடம் பெறுவது எப்படி?

கடைசியில் வந்து தோற்பதற்கு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது நம்மில் பலருக்குப் பள்ளி விளையாட்டு விழாவிலேயே கைவந்துவிடும். ஆனால் எல்லாரையும் பின்னால் விட்டு, கோட்டை முதலில் தாண்டி, கட்டம் போட்ட கொடியையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு தோற்பது சாமானியப்பட்ட காரியமில்லை. அதற்குத் திறமை வேண்டும், நேரம் கூடிவர வேண்டும், கையில் ரூல் புத்தகத்தோடு ஒரு நடுவர் குழுவும் வேண்டும்.

இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது 2019 ஜூன் 9 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில். ஃபார்முலா 1 கனடா கிராண்ட் ப்ரீயில் ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல், மெர்சிடீஸின் லூயிஸ் ஹாமில்டனைவிட 1.342 நொடி முன்னதாக வந்து சேர்ந்தார். முடிவுப் பட்டியலோ, ஹாமில்டன் 3.658 நொடி வித்தியாசத்தில் வென்றதாகச் சொன்னது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், சரியாக ஐந்து வரும். அந்த ஐந்து நொடியைச் சம்பாதிப்பது எப்படி, சம்பாதித்த பின் அதை வைத்துக்கொண்டு புலம்புவது எப்படி என்பதைத்தான் இந்தக் கையேடு சொல்லித்தருகிறது.

ஒரு எச்சரிக்கை. படித்துவிட்டு யாரும் தெருவில் முயன்று பார்க்க வேண்டாம். அங்கே ஐந்து நொடித் தண்டனை கிடையாது, நேரே ஸ்டேஷன்தான்.

தேவையான பொருள்கள்

ஒரு பந்தயத் தடம். ஓரத்தில் புல்லும், புல்லுக்கு எதிரே சுவரும் இருக்க வேண்டும். மான்ட்ரியலின் ஜில் வில்நெவ் தடம் இதற்கென்றே செய்தது போலிருக்கும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மனிதர்கள் மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவின் மேல், 4.361 கிலோமீட்டர் சுற்று. பல இடங்களில் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி அவ்வளவு நெருக்கம். 1999-இல் டேமன் ஹில், மைக்கேல் ஷூமாக்கர், ஜாக் வில்நெவ் என்று மூன்று உலக சாம்பியன்கள் ஒரே பந்தயத்தில், ஒருவர் பின் ஒருவராக, ஒரே சுவரில் போய் முட்டினார்கள். அதற்குச் சாம்பியன்கள் சுவர் என்றே பெயராகிவிட்டது.

வெற்றியைக் கண்டு வெகுநாளான ஓர் அணி. அந்த ஆண்டு அதுவரை நடந்த ஆறு பந்தயங்களையும் மெர்சிடீஸே அள்ளியிருந்தது. வெட்டல் கடைசியாக வென்றது முந்தைய ஆகஸ்ட்டில், பெல்ஜியத்தில். பசி இருந்தால்தான் பறிபோன சோற்றின் அருமை தெரியும்.

விடாமல் பின்னால் வரும் ஓர் எதிராளி, ஒன்று. ரூல் புத்தகம், ஒரு பிரதி. நடுவர் குழு, ஒன்று. குழுவில் முன்னாள் பந்தய வீரர் ஒருவர் இருப்பது வழக்கம். மான்ட்ரியலில் அந்த இடத்தில் இருந்தவர் இமானுவேலே பிர்ரோ, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற இத்தாலியர். இத்தாலிய அணிக்கு இத்தாலியர் உட்கார்ந்த மேஜையிலிருந்தே தண்டனை போனது. உறவுக்காரர் ஆபீசில் இருந்தால் வேலை முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

படி 1: முன்னணியில் இருக்கும்போது சறுக்குங்கள்

பதினெட்டாவது இடத்தில் இருப்பவர் புல்லில் இறங்கினால் டிவியில்கூடக் காட்டமாட்டார்கள். ஆகவே முதலில் முன்னணிக்கு வாருங்கள். வெட்டல் முந்தைய நாள் தகுதிச் சுற்றில் எல்லாரையும்விட வேகமாக ஓட்டி, முதல் இடத்திலிருந்து கிளம்பினார். 70 சுற்றுகளில் 47 சுற்றுகளை ஒழுங்காக முடித்தார். 48-ஆவது சுற்றில், கண்ணாடி முழுக்க ஹாமில்டன் தெரிந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையின் பின்னாலேயே இன்னொரு யானை ஓடி வந்தால் என்ன ஆகும் என்று பழமொழி சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் ரூல் புத்தகம்.

படி 2: திரும்பி வாருங்கள், ஆனால் இடம் பார்த்து வராதீர்கள்

இந்தப் படிதான் முக்கியம். அவசரப்படாமல் படியுங்கள்.

அந்த ஆண்டு விதிமுறையின் 27.3-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: தடத்தைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரலாம், ஆனால் பாதுகாப்பாக இருக்கும்போது மட்டுமே வர வேண்டும், வெளியே போனதால் நிலையான லாபம் எதுவும் அடையக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதை எழுதியவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார், படிக்க வேண்டியவர் புல்லின் மேல் பறந்துகொண்டிருந்தார். வழவழப்பான பந்தய டயர் புல்லைத் தொட்டால் பிடிமானம் என்பதே இருக்காது. அந்த நேரத்தில் ஸ்டியரிங் கோயில் மணி மாதிரி. ஆட்டுவது நம் கடமை, சாமி இறங்கி வருவது சாமி இஷ்டம்.

வெட்டல் புல்லைத் தாண்டி நான்காவது வளைவின் வெளிவாயில் தார் மேல் ஏறினார். ஏறிய வேகத்தில் வண்டி உதறியது. அதை அடக்கினார். அடக்கியதும் வண்டி வலப்பக்கச் சுவரை நோக்கி ஒதுங்கியது. அதே வலப்பக்கத்தில், அதே சந்தில், ஹாமில்டன் மூக்கை நுழைத்திருந்தார். சந்து சுருங்கியது. ஹாமில்டன் பிரேக் பிடித்தார். ஒருவரும் யாரையும் தொடவில்லை. சுவருக்கும் சேதமில்லை. சேதமானது விளையாட்டு ரசிகர்களின் அடுத்த இரண்டு வாரத் தூக்கம்தான்.

இங்கே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. பார்த்தவர்கள் கேட்ட கேள்வி: வேண்டுமென்றா செய்தார்? விதி கேட்ட கேள்வி: அவர் வந்த விதத்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டி வந்ததா? முதல் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டிய அதே ஆள், இரண்டாவதற்கு ஆமாம் என்றும் தலையாட்டலாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்தச் சண்டை தீராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஒருவர் நோக்கத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் விளைவைப் பற்றிப் பேசுகிறார், இருவரும் அடுத்தவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்துகிறார்கள்.

நுணுக்கம் தெரிந்தவர்கள் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். வண்டியை அடக்கிய நொடிக்கும் சுவரோரம் போய்ச் சேர்ந்த நொடிக்கும் இடையில் வெட்டலால் கொஞ்சம் இடம் விட்டிருக்க முடியுமா? அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரம்தான். ஐந்து நொடித் தண்டனை முழுவதும் அதற்குள்தான் குடியிருக்கிறது.

படி 3: ரேடியோவில் பேசுங்கள்

பின்னால் இருப்பவராக இருந்தால், ஆபத்தாக உள்ளே வந்தார் என்று உடனே சொல்லிவிட வேண்டும். ஹாமில்டன் சொன்னார். முன்னால் இருப்பவராக இருந்தால், எனக்குப் போக வேறு இடமே இல்லை என்று சொல்ல வேண்டும். வெட்டல் சொன்னார். தண்டனை வந்ததும், நம் பந்தயத்தைத் திருடுகிறார்கள் என்றும் சொன்னார். இவையெல்லாம் அணியின் பொறியாளர் காதுக்கு மட்டும் போவதாக நினைத்துப் பேசும் அழகில்தான் சுவை இருக்கிறது. உண்மையில் உலகமே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

படி 4: கணக்குப் போடுங்கள்

தீர்ப்பு வர ஏறக்குறைய பத்துச் சுற்றுகள் ஆயின. ஐந்து நொடித் தண்டனை. கூடவே ஓட்டுநர் உரிமத்தில் இரண்டு தண்டனைப் புள்ளிகள்; பன்னிரண்டு மாதங்களுக்குள் அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பந்தயத்துக்கு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இதன் பிறகு பந்தயமே வேறு விளையாட்டாக மாறிவிடும். துரத்துகிறவர் முந்த வேண்டியதில்லை. ஐந்து நொடிக்குள் பின்னாலேயே வந்தால் போதும். முன்னால் போகிறவரோ, முதலிடத்தில் இருந்தபடியே இரண்டாம் இடத்துக்கு ஓட்டிக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேஜையில் இலை போட்டு உட்காரவைத்து, பரிமாறிக்கொண்டே, இது உங்களுக்கு இல்லை என்று சொல்வதைப் போல.

ஏன் ஐந்து? இரண்டு ஏன் இல்லை, ஒன்று ஏன் இல்லை? ஏனென்றால் நேரத் தண்டனைகளில் அதுதான் ஆகக் குறைந்தது. அடுத்த படி பத்து. கீழே இறங்கினால் வெறும் கண்டிப்பு, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. நம் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் ஏழு ரூபாய், அவர் பையில் சில்லறை இல்லை. ஒன்று சும்மா போங்கள், இல்லை பத்தாகக் கொடுங்கள். மான்ட்ரியலில் நடுவர்களிடம் சில்லறை இல்லை. தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு நெருக்கடிக்கு ஐந்து நொடி, பந்தயத்தின் வித்தியாசமோ 1.342 நொடி. தவறு இருந்ததா என்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். அந்தத் தவறின் விலை ஒரு கிராண்ட் ப்ரீயா என்பதுதான் அன்று பலர் தொண்டையில் சிக்கிய முள்.

படி 5: வண்டியை நிறுத்தாதீர்கள், பலகையை நகர்த்துங்கள்

பந்தயம் முடிந்ததும் முதல் மூவரின் வண்டிகளை 1, 2, 3 என்ற எண் பலகைகளுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கோபத்தில் இருப்பவர் அங்கே நிறுத்தக் கூடாது. வெட்டல் வேறிடத்தில் நிறுத்திவிட்டுத் தன் அணியின் கூடாரத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துவந்தார்கள். வந்தவர் ஹாமில்டன் வண்டியின் முன்னால் நின்ற 1 என்ற பலகையைத் தூக்கினார். தன் வண்டி நின்றிருக்க வேண்டிய வெற்றிடத்தின் எதிரே வைத்தார். அங்கிருந்த 2 என்ற பலகையை எடுத்து ஹாமில்டன் வண்டிக்கு முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாண வீட்டில் பந்தி மரியாதை குறைந்துவிட்டது என்று முறுக்கிக்கொண்டு போய், அழைத்துவந்த பிறகு தானே இலையைத் தலைவாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சித்தப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்தப் பலகைக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. ஆனால் அன்றைய பந்தயத்தில் இன்றுவரை எல்லார் நினைவிலும் நிற்பது அந்தப் பலகைதான். 3.658 என்ற எண்ணைப் பட்டியலைப் பார்க்காமல் சொல்பவர் ரொம்பக் குறைவு.

படி 6: மேடையில் பெருந்தன்மையாக இருங்கள்

கூட்டம் ஹாமில்டனைப் பார்த்துக் கூச்சலிட்டது. ஹாமில்டன் வெட்டலைக் கையைப் பிடித்து முதல் படிக்கு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வெட்டல் கூட்டத்திடம், லூயிஸைப் பார்த்துக் கத்தாதீர்கள், கத்துவதானால் முடிவைப் பார்த்துக் கத்துங்கள் என்ற பொருளில் சொன்னார். சண்டைக்காரர்கள் இருவரும் இப்படிச் சமாதானமாகிவிட்டதால், சண்டையை நடத்தும் முழுப் பொறுப்பும் ரசிகர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் அதைக் குறையின்றி நிறைவேற்றினார்கள்.

பழைய ஜாம்பவான்களையும் துணைக்கு அழைக்கலாம். மரியோ ஆண்ட்ரெட்டியும் நைஜல் மான்செலும் இந்தத் தண்டனையைக் கண்டித்தார்கள். உங்கள் கட்சிக்கு அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிகோ ரோஸ்பெர்க் தண்டனை நியாயம்தான் என்றார். அவரை எதிர்க்கட்சிக்கு விட்டுவிடுங்கள்.

படி 7: முன்னுதாரணம் தேடுங்கள்

இது பலசரக்குக் கடை. கேட்டது கிடைக்கும்.

தண்டனை தவறு என்பவர்கள் 2016 மொனாக்கோவை எடுக்கலாம். ஹாமில்டன் வளைவைத் தவறவிட்டுத் திரும்பி வந்தபோது டேனியல் ரிக்கார்டோவைச் சுவரோரம் நெருக்கினார். விசாரித்தார்கள், தண்டனை இல்லை. தண்டனை சரி என்பவர்கள் 2018 ஜப்பானை எடுக்கலாம். மாக்ஸ் வெர்ஸ்டப்பன் தடத்துக்குத் திரும்பும்போது கிமி ரைக்கோனன் மீது இடித்தார், ஐந்து நொடி கொடுத்தார்கள். அதில் இடித்தார், இதில் இடிக்கவில்லையே என்று யாராவது கேட்டால், அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

மான்ட்ரியலுக்கு மூன்று வாரம் கழித்து, ஜூன் 30 அன்று ஆஸ்திரியாவில், வெர்ஸ்டப்பன் முதலிடத்தைப் பிடிக்கும்போது ஷார்ல் லெக்லெரை உரசித் தடத்துக்கு வெளியே தள்ளினார். அவரும் ஃபெராரிக்காரர்தான். நடுவர்கள் பந்தயம் முடிந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் யோசித்து, தண்டனை வேண்டாம் என்றார்கள். தொட்டதற்கு ஒன்றுமில்லை, தொடாததற்கு ஐந்து என்று ஃபெராரி ரசிகர்கள் பாட்டாகவே பாடலாம். இரண்டும் வேறு வேறு விதியின் கீழ் வருவது, முந்துவது வேறு, திரும்பி வருவது வேறு என்ற விளக்கமெல்லாம் பாட்டின் தாளத்தைக் கெடுக்கும்.

படி 8: அப்பீல் செய்யுங்கள் (கதவு பூட்டியிருக்கும்)

ஃபெராரி உடனே மேல்முறையீடு செய்யப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. முடிவெடுக்க 96 மணி நேரம் உண்டு. அதற்குள் யாராவது ரூல் புத்தகத்தின் கட்டைப் பிரித்திருக்க வேண்டும். பந்தயத்தின்போது கொடுக்கப்படும் ஐந்து நொடித் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஃபெராரி பின்வாங்கியது.

இந்தப் பூட்டு புதிதில்லை. 2008 பெல்ஜியப் பந்தயத்தில் ஹாமில்டன் வளைவை வெட்டி ரைக்கோனனை முந்தினார், இடத்தைத் திருப்பிக் கொடுத்தார், உடனே அடுத்த வளைவில் மறுபடி முந்தினார். வென்றார். கொடுத்தது போதாது என்று 25 நொடி சேர்த்தார்கள். மூன்றாம் இடத்துக்கு இறங்கினார், வெற்றி ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸாவுக்குப் போனது. அப்போது ஹாமில்டனின் அணியாக இருந்த மெக்லாரன் பாரிஸில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இந்த வகைத் தண்டனைக்கு மேல்முறையீடே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று விதியின் புனிதத்தைப் போற்றிய ஃபெராரி ரசிகர்கள் பதினொரு ஆண்டுகள் கழித்து அதே கதவின் முன்னால் நின்றார்கள். பூட்டு அதேதான்.

*மேல்நிலை மாணவர்களுக்கு மட்டும்:* தண்டனையை அனுபவித்துக்கொண்டே ஜெயிக்கும் வழியும் உண்டு. 1998 பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயில் மைக்கேல் ஷூமாக்கருக்குப் பத்து நொடித் தண்டனை. கையால் எழுதிய அந்தச் சீட்டு தாமதமாக வந்தது, எந்த வகைத் தண்டனை என்பதும் அதில் தெளிவாக இல்லை. ஷூமாக்கர் கடைசிச் சுற்றில் பிட் லேனுக்குள் நுழைந்தார். ஃபெராரியின் கொட்டகை முடிவுக் கோட்டைத் தாண்டி இருந்தது. ஆகவே தண்டனைக்கு நிற்கப் போகும் வழியிலேயே கோட்டைத் தாண்டி ஜெயித்துவிட்டார். பரீட்சைக்குத் தாமதமாக வந்ததற்கு வெளியே நில் என்று சொன்ன வாத்தியார், வாசல்படிக்கு அந்தப் பக்கம்தான் ரிசல்ட் ஒட்டியிருக்கிறது என்பதை மறந்த கதை. மெக்லாரன் மேல்முறையீடு செய்தும் முடிவு மாறவில்லை. அந்தப் பந்தயத்தின் நடுவர்கள் மூவரும் தங்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

படி 9: மறுபரிசீலனை கேளுங்கள்

அப்பீல் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் ஒரு சன்னல் உண்டு. அதன் பெயர் மறுபரிசீலனை உரிமை. தீர்ப்பின்போது கிடைக்காத, முக்கியமான, பொருத்தமான, புதிய ஆதாரம் இருந்தால் அதே நடுவர்களிடம் போகலாம். நன்றாகக் கவனியுங்கள். தீர்ப்பு தவறு என்பது போதாது. தவறு புதியதாகவும் இருக்க வேண்டும். பழைய தவறை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

ஜூன் 21 அன்று பிரான்சின் பால் ரிக்கார்டு தடத்தில் விசாரணை. ஃபெராரியின் லோரான் மெக்கீஸ் ஏழு ஆதாரங்களோடு வந்தார். வண்டியின் டெலிமெட்ரி தரவு, பல கோணக் காட்சிகளின் ஆய்வு, ஜிபிஎஸ் தடம், பந்தயத்துக்குப் பிந்தைய படங்கள், இரண்டு வீரர்களின் வாக்குமூலம். இவற்றில் பெரும்பாலானவை பந்தயம் முடியும்போதே கையில் இருந்தவை என்று ஒதுக்கப்பட்டன. வெட்டலின் முகத்தைக் காட்டும் கேமராக் காட்சி புதியதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதில் தெரிவது மற்றக் காட்சிகளிலும் தெரிகிறதே என்றார்கள்.

ஏழாவது ஆதாரம்தான் நமக்கு நெருக்கமானது. ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சிக்காக, திரையில் காட்சியை நிறுத்தி நிறுத்தி, வெட்டல் ஸ்டியரிங்கை எப்போது எந்தப் பக்கம் திருப்பினார் என்று விளக்கிய ஒரு வீடியோ. விளக்கியவர் கருண் சந்தோக், சென்னைக்காரர், ஃபார்முலா 1-இல் பதினொரு பந்தயங்கள் ஓட்டியவர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன். உலகின் பழம்பெரும் பந்தய அணி, உலக அமைப்பின் நடுவர்கள் முன்னால், நம்மூர்க்காரர் வீடியோவைப் போட்டுக் காட்டியது. நடுவர்கள் சொன்னதன் சாரம்: இது புதியது. ஆனால் மூன்றாம் நபரின் சொந்தக் கருத்து என்பதால் முக்கியமானதும் இல்லை, பொருத்தமானதும் இல்லை. மனு தள்ளுபடி.

பிற்காலத்தில் இந்தச் சன்னலில் முயன்றவர்களிடமிருந்தும் கற்கலாம். 2021-இல் சில்வர்ஸ்டோன் தடத்தில் வெர்ஸ்டப்பனோடு மோதிய ஹாமில்டனுக்கு இன்னும் பெரிய தண்டனை வேண்டும் என்று வெர்ஸ்டப்பனின் அணியான ரெட் புல் கேட்டது. அலெக்ஸ் ஆல்பனைப் பழைய வண்டியில் ஏற்றி, அதே வளைவில் ஹாமில்டன் போன வழியில் ஓட்டவைத்து அதையே ஆதாரமாகக் கொடுத்தது. இது கண்டுபிடித்த ஆதாரமில்லை, உண்டாக்கிய ஆதாரம் என்று திருப்பிவிட்டார்கள். 2024 அமெரிக்கப் பந்தயத்தில் லாண்டோ நாரிஸுக்குக் கிடைத்த ஐந்து நொடியை எதிர்த்த மெக்லாரன் இன்னும் ஒரு படி மேலே போனது. உங்கள் தீர்ப்பில் பிழை இருக்கிறது, அந்தத் தீர்ப்புத் தாளே புதிய ஆதாரம் என்றது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பதை இவ்வளவு அழகாக யாரும் வாதாடியதில்லை. அதுவும் எடுபடவில்லை.

எடுபட்டதும் உண்டு, நம்பிக்கை இழக்காதீர்கள். 2023 சவூதி பந்தயத்தில் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ ஐந்து நொடித் தண்டனைக்காக நின்றபோது, பின்பக்க ஜாக்கி வண்டியைத் தொட்டுவிட்டது என்று மேலும் பத்து நொடி விதித்து, அவருடைய நூறாவது மேடையைப் பறித்தார்கள். ஜாக்கி தொட்டும் தண்டனை தராத ஏழு பழைய காட்சிகளை ஆஸ்டன் மார்ட்டின் கொண்டுவந்தது. மேடை திரும்பக் கிடைத்தது. பாடம் என்ன? நியாயத்தைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் பார்க்காத வீடியோவைக் கொண்டுபோங்கள்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

*நான் நடுவராக விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்?*
நீங்கள் சரியாகத் தீர்ப்புச் சொன்னால் பாதிப் பேர் திட்டுவார்கள். தவறாகச் சொன்னால் மறுபாதி. இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்கத் தெரிய வேண்டும். விதியை அப்படியே பின்பற்றினால் விதிக்கு அடிமை என்பார்கள், சற்றுத் தளர்த்தினால் ஆளுக்கொரு நியாயம் என்பார்கள்.

*வீரர்களே பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?*
வீரர்கள் எல்லாரும் வக்கீல் பாஷை பேச வேண்டியதாகிவிட்டது என்று வெட்டலே அன்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் சுவரோரம் சிக்கியவர் முதலில் தேடுவது வக்கீலைத்தான்.

*நான் வெறும் ரசிகன். எந்தப் பக்கம் நிற்பது?*
நேற்று எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதை மறந்துவிட்டு நில்லுங்கள். 2012 மலேசியப் பந்தயத்தில் நான்காவதாகப் போய்க்கொண்டிருந்த இதே வெட்டல், ஒரு சுற்று பின்தங்கியிருந்த நம் கோவை நரேன் கார்த்திகேயனை முந்தும்போது இருவரும் உரசினார்கள். வெட்டலின் டயர் கிழிந்து, புள்ளியே இல்லாமல் பதினொன்றாவதாக முடித்தார். நரேனை, ஜெர்மன்காரர்கள் மோசமான ஓட்டுநரைக் கிண்டல் செய்யும் சொல்லால், வெள்ளரிக்காய் என்றார். நடுவர்கள் நரேனுக்கு 20 நொடி போட்டார்கள். இங்கே நாம் எல்லாரும், போக இடமில்லையே, நரேன் என்ன செய்வார் என்று கொதித்தோம். அன்று விளைவைப் பேசிய வெட்டல், மான்ட்ரியலில் நோக்கத்தைப் பேசினார். அன்று நோக்கத்தைப் பேசிய நாம், மான்ட்ரியலில் அவரவர் அபிமான வண்டியின் நிறத்தைப் பார்த்துப் பேசினோம்.

முடிவாக

அந்த 48-ஆவது சுற்றை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. வெட்டலின் தலைக்கு மேலிருக்கும் கேமராவில் பார்த்தால், ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை அடக்குகிறான், பாவம். ஹாமில்டனின் கேமராவில் பார்த்தால், சிவப்பு வண்டி ஒன்று சந்தை மூடிக்கொண்டே வருகிறது, சுவர் பக்கத்தில் வருகிறது, அதுவும் பாவம்தான். மேலிருந்து எடுத்த காட்சியில் இரண்டு வண்டிகளும் யார் மேலும் கோபமில்லாமல் ஒரு வளைவைக் கடந்து போகின்றன. எந்தக் கேமராவும் பொய் சொல்லவில்லை.

என் கட்சி இது: விதியைப் படித்த விதம் சரி, விலை அதிகம். ஆனால் இதை வைத்துக்கொண்டு பால் ரிக்கார்டு பக்கம் போக முடியாது. கருண் சந்தோக் சொன்னதையாவது புதியது என்று ஒப்புக்கொண்டார்கள். நான் சொல்வது அதுகூட இல்லை. அன்று சாயங்காலமே அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள்.